புலியைப் பார்த்த பிறகு

கூட வருவதாகச் சொன்ன தோழிகள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, சேலத்திலிருந்து நான் மட்டும் முதுமலைக்குக் கிளம்பினேன். சஃபாரி என்றால் நாளெல்லாம் பரபரப்பு என்று நினைத்திருந்தேன். உண்மையில் விடியலில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, அவ்வளவுதான். நடுவில் நீண்டு கிடக்கும் பகலில் பேச ஆளில்லாமல் அறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப்பில் என் பக்கத்தில் திருச்செங்கோட்டு அக்கா ஒருவர். கணவரோடு வருவதற்காகப் பதிவு செய்தாராம். அவரோ ரிக் வண்டியோடு வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார், வர முடியவில்லை.

"அவரும் புலியாட்டந்தான் கண்ணு. வருசத்துக்கு ஒருக்காத்தான் தட்டுப்படுவாரு" என்று சிரித்தார்.

கடைசி மாலை புலி வந்தது. பாதையின் குறுக்கே நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்ததும் கணவரை அழைத்தார். "ஏனுங்க, புலி பாத்தனுங்க!"

மறுமுனையில் ஒரே இரைச்சல். "வேலையில இருக்கறேன், அப்பறம் பேசறேன்" என்ற குரல் எனக்கே கேட்டது. அக்கா போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

யாரிடமாவது சொல்ல எனக்கும் நாக்கு துடித்தது. ஆனாலும், "புலி எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீயுந்தான கண்ணு பாத்த?"

"இருந்தாலும் நீங்க சொல்லுங்கக்கா."

கையை வீசி வீசி, முதலிலிருந்து சொன்னார். நான் கண்ணால் பார்த்த புலி இப்போது மங்கிவிட்டது. அக்கா சொன்ன புலிதான் இன்னும் நினைவில் நடக்கிறது.