கோழிக்கூட்டின் மேல் ஒன்பது மூடிகள்

என் அக்காவின் கணவர் பெயிண்டர். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். தெருவில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். வாயாடியான நானும் இருபது வருடம் அவரை ஒரு அப்பாவி என்றே நினைத்திருந்தேன்.

பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் ஒரு விளம்பரம் இருந்தது. மயில்நீலச் சுவரில் கன்னத்தைச் சாய்த்து ஒரு பெண் சிரிப்பாள். கீழே, 'பத்து வருடம் வெயிலுக்கு மங்காது' என்று கொட்டை எழுத்து. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதை நம்பி, தன் மாடி வீட்டுக்கு அந்தப் பெயிண்ட்டையே அடிக்கும்படி அத்தானிடம் சொன்னார். ஒன்பது டின் ஆனது.

டின்னைத் திறப்பதற்கு முந்தின நாளே தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது அத்தானின் வழக்கம். அடியில் படிந்தது தானாகக் கலங்கி வருமாம். திறக்கும்போது மூடியின் உள்பக்கத்தில் பெயிண்ட் பாலாடை போலத் தடித்து ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் அந்த ஒன்பது தகர மூடிகளையும் கொண்டுவந்து, ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, கோழிக்கூட்டுக்குக் கூரை அடித்தார். மழை வரும் அவசரத்தில் பெயிண்ட் ஒட்டிய பக்கம் மேலே வந்துவிட்டது. அக்கா விடவில்லை. நல்ல பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டு அசிங்கத்தை ஊருக்குக் காட்டுகிறாரே என்று இரண்டு வருடம் அதையே சொல்லிக் காட்டினாள். கோழி ஒன்றும் சொல்லவில்லையே என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த இரண்டு வருடத்தில் தபால்காரர் வீட்டுச் சுவர் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி ஆனது. அவர், பெயிண்ட் கம்பெனி மேலும் அத்தான் மேலும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் பொய்யில்லை, பெயிண்டர் அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்துவிட்டார் என்றது கம்பெனி.

அவ்வளவுதான், பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. வழக்கமாக ஆள் அனுப்பும் பெயிண்ட் கடைக்காரர் கடைப் பலகையிலிருந்து அவர் போன் எண்ணை அழித்தார். மூன்று மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. காய்ந்து சுத்தமாக இருந்த பிரஷ்களையே அவர் எடுத்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்டவன் சொன்னால் உண்மை, கறை படிந்த சட்டைக்காரன் சொன்னால் சாக்கு. இது என்ன நியாயம்?

விசாரணைக்கு அவரோடு நானும் அக்காவும் போனோம். அவருக்கு வக்கீல் கிடையாது. டின்னில் போட்டிருந்த அளவுக்குத்தான் தண்ணீர் விட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கம்பெனி வக்கீல் சிரித்தபடி எழுந்தார்.

"உங்க கை படாத, சொட்டுத் தண்ணி சேராத எங்க பெயிண்ட் மங்கினதைக் காட்டுங்க. ஒத்துக்கறோம்."

அத்தான் வக்கீலை விட்டுவிட்டு நீதிபதி பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக் கோழிக்கூட்டு மேல இருக்குதுங்கம்மா" என்றார் நீதிபதியிடம்.

அறையே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அதைக் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த விசாரணைக்குக் கூரையை அப்படியே பெயர்த்து மேசை மேல் வைத்தோம். கோழி எச்சம், துரு, அங்கங்கே உரிந்த பெயிண்ட். மேலே தெரிந்த நிறம் தபால்காரர் சுவரில் இருந்த அதே வெளுப்பு. திறக்காத டின்னின் மூடியில் ஒட்டியதில் யாரும் தண்ணீர் கலக்க முடியாது என்று அத்தான் சொன்னார். பிறகு ஆணியைப் பிடுங்கி, ஒரு மூடியைத் தூக்கினார்.

அதன் நிழலில் இருந்த அடுத்த மூடியின் பாதியில், பிறை வடிவத்தில், மயில்நீலம். அந்த விளம்பரத்துப் பெண்ணின் கன்னம் பட்ட அதே நீலம். இன்றைக்குத்தான் திறந்த டின் போல இருந்தது. மூடியைத் திருப்பினார். வெயிலே படாத மறுபக்கத்தில் கம்பெனி பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சுக் குலையாமல் இருந்தன. தபால்காரரின் ரசீதில் இருந்த அதே எண். ஒன்பது மூடியையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார். உச்சியில் இருந்த ஒன்றைத் தவிர எட்டிலும் பிறை. சிரித்த வக்கீலும் உட்கார்ந்துவிட்டார்.

மூடிகளைச் சோதித்த ஆய்வுக்கூடமும் அதையே சொன்னது. விளம்பரத்தை நிறுத்த வேண்டும், தபால்காரர் வீட்டுக்குக் கம்பெனி செலவில் மறுபடி பெயிண்ட் அடித்துத் தர வேண்டும் என்று தீர்ப்பு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீதிபதி அத்தானைக் கேட்டார்.

"என் மேல தப்பில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்மா."

எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பெயிண்ட் கடைக்காரர் தன் பலகையிலேயே ஒட்டி, பக்கத்தில் பழைய எண்ணையும் எழுதினார்.

தபால்காரர் வீட்டுக்கு மறுபடி அத்தானே பெயிண்ட் அடித்தார், வேறு கம்பெனிப் பெயிண்ட். பழைய மூடிகள் சாட்சிப் பொருளாக நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டதால், புதிய மூடிகளோடு வந்து கூட்டின் முன்னால் உட்கார்ந்தார். சுத்தியலை எடுத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை நல்ல பக்கத்தை மேலே வைக்கட்டுமா என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பக்கம் எதுன்னு எனக்கு இப்பதாங்க தெரியுது. உங்க இஷ்டப்படியே அடிங்க."