தாய்மாமன் மடிக்கு ஒரு வெறும் ஊசி

அக்கா மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதை என் இடுப்பு மூன்று முறை தள்ளிப்போட்டது. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் தலையில் கத்தி வைப்பார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். கரியாலூர் மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டி ஓட்டி எனக்கு முதுகில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்தவர்கள் எல் நாலுக்கும் எல் அஞ்சுக்கும் நடுவில் என்றார்கள். எனக்கு அது டவுன் பஸ் நம்பர் மாதிரிதான் கேட்டது.

தள்ளிப்போட்டதில் டிஸ்க் உள்ளே போகவில்லை, பிள்ளைதான் வளர்ந்தான். ஒரு வயதில் செய்திருந்தால் ஒன்பது கிலோவோடு முடிந்திருக்கும். இப்போது ஐந்து வயது, இருபது கிலோ. வேண்டுதல் முடியைக் கத்தரிக்கவும் கூடாது என்பதால் இரட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி யுகேஜி போய்க்கொண்டிருந்தான்.

பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். தினமும் தண்டால் எடுக்கிற உடம்பு. "அண்ணனுக்கு முடியலன்னா வுடுக்கா, நான் உக்காந்துக்கறேன்" என்றான். அக்கா மசியவில்லை. "எம் புள்ளைக்கு எந் தம்பி மடிதான்" என்றாள். அவள் பாசத்தை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலித்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் போனேன். முதுகுத்தண்டில் ஊசி போடலாம் என்றார். "வழக்கமா மரத்துப்போற மருந்தோட ஸ்டீராய்டும் கலந்து போடுவோம். உங்களுக்கு சுகர் ஜாஸ்தி, ஸ்டீராய்டு போட்டா இன்னும் ஏறிடும். அதனால மரப்பு மருந்து மட்டும் போடறேன். நெறைய பேருக்கு அதுலயே கிட்டத்தட்ட அதே அளவு வலி கொறையுது. சிலருக்கு எதைப் போட்டாலும் கொறையறதில்ல."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. மெஸ்ஸில் குழம்பு கேட்பதுபோல, "கொஞ்சூண்டு கலக்கக் கூடாதுங்களா?" என்றேன். கூடாது என்றார். "சரிங்க, எத்தன கிலோ தாங்கும்?" என்று கேட்டேன். "நான் ஊசி போடறேங்க, ஜாக்கி வைக்கல" என்றார் டாக்டர்.

குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே படத்தில் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் தியாகதுருகத்து மளிகைக்கடைக்காரர். "எனக்கு ஸ்டீராய்டுங்க. உங்களுக்கு?" என்றார். வெறும் ஊசி என்றதும் துக்கம் விசாரிக்கிறவர் போல என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் இருவரையும் நடக்கவிட்டபோது நான் அவரைவிட நாலடி முன்னால் போனேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் சம்மணம் போட, மனைவி மடியில் அரிசி மூட்டையை வைத்தாள். முதலில் ஐந்து கிலோ, அப்புறம் பத்து. மூட்டை சும்மா கிடக்கும், பிள்ளை ஆடுவானே என்று மூட்டையைப் பிடித்து ஆட்டியும் பார்த்தாள். பதினைந்துக்கு மேல் என்னால் முடியவில்லை. அதை அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை.

கோயிலில் மணையில் உட்கார்ந்தேன். மருமகன் மடியேறினான். நாவிதர் சடையை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, பிள்ளை பஞ்சு மாதிரி இருந்தான். வெறும் ஊசிக்கே இவ்வளவு மகிமையா என்று தலைகால் புரியவில்லை. "வெயிட்டே தெரியலக்கா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரியப்பா மகனை ஒரு பார்வையும் பார்த்துவைத்தேன்.

பாதித் தலை வழித்ததும் நாவிதர் கத்தியை எடுத்துவிட்டார். "புள்ள ஆடிக்கினே இருக்குதுங்க. நல்லா உக்கார வையுங்க."

குனிந்து பார்த்தேன். பையன் உட்காரவே இல்லை. என் காலுக்கு முன்னால் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, மடிக்கு மேலே நாலு விரற்கடை விட்டுக் குந்தியிருந்தான். முட்டி இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

"இன்னாடா இது?"

"அழுத்தி உக்காந்தா உனுக்கு வலிக்கும்ல மாமா" என்றான், யாருக்கும் கேட்காமல்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவன் இடுப்பில் கைபோட்டு இழுத்து உட்காரவைத்தேன். இருபது கிலோவும் இறங்கியது. சுரீரென்று ஒன்று கெண்டைக்கால் வரை ஓடியது. ஆனால் பழைய வலி மாதிரி உயிரை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். மீதித் தலையையும் வழித்து முடித்தார்கள். ஆசாரி காது குத்தியபோது அவன் திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முழு பாரத்தையும் போட்டு அழுதான்.

"போதும்டா, எறக்கி வுடு" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா" என்றேன்.