முதல் புட்டியும் கப்பல் சங்கும்

அம்மாவின் நோய் கொண்டையில்தான் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது கொண்டை போட்டாள்; அவிழ்ந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அவிழ்ந்தது. வலது கை தலைக்குப் பின்னால் போய்விட்டு வெறுமனே திரும்பி வந்தது. முதல் மணி அடித்தாகிவிட்டது, இன்னும் என்ன சிங்காரிப்பு என்று நான் வாசலில் நின்று எரிந்து விழுந்தேன். பூசை முடிவதற்குள் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது) என்றார் டாக்டர். வங்காளி மனிதர், இந்தியில்தான் பேசினார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பேச்சு மெல்லத் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடந்தது. கைதான் வரவில்லை. தினமும் அசைக்காவிட்டால் இறுக்கம் (மூட்டுகள் விறைத்து மடங்கிக்கொள்வது) வந்துவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்.

அந்தமானில், எங்கள் ஷாதிபூர் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அசை என்றால் அசைக்க மாட்டாள். நான் பிடித்து அசைத்தால் வலிக்கிறது என்பாள். இடது கையால் முடியாததற்கெல்லாம் என்னைக் கூப்பிடுவாள். நான் பள்ளிக்கூட வேலைக்கு விடுப்புப் போட்டு, பிறகு வேலையையே விட்டேன். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்ப்பவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். பாசம் எங்கும் போய்விடாது. ஆனால் காலையில் நமக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருப்பது எரிச்சல்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

படுத்துப் படுத்து அம்மாவின் முடி சிக்குப் பிடித்தது. டாக்டர் சொன்னபடி கழுத்தோடு வெட்டிவிட்டேன். இரண்டு நாள் அழுதாள்.

அந்த வாரம்தான் தூத்துக்குடியில் இருக்கும் சூசை அண்ணனுக்கு அம்மாவுக்குத் தெரியாமல் கடிதம் எழுதினேன். அப்பா எங்களை அந்தமானுக்குக் கூட்டி வந்தபோது, படிப்புக்காக மாமா வீட்டில் விட்டுவந்த பிள்ளை அவன். என்னால் முடியவில்லை, வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று எழுதினேன். அடுத்த கப்பலில் வருகிறேன் என்று பதில் வந்தது. அம்மாவிடம், உன்னைப் பார்க்க வருகிறான் என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஏமாறுகிற ஆளா என்ன?

"கூட்டிட்டுப் போகத்தான் வாரான். நான் போகமாட்டேன்ளா. உங்கப்பா இங்கதான் கெடக்காரு. எனக்கும் அந்தக் கல்லறையிலதான் எடம்."

பிறகு ஒரு வேலை வைத்தாள். அவளுக்கு முடியைச் சுருட்டிவிட வேண்டுமாம். கல்யாணமான புதிதில் ரங்கூனில் இருந்தபோது சுருட்டை முடியோடு எடுத்த படம் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அதே மாதிரி வேண்டும். நோயாளி மாதிரி இருந்தால்தானே கூட்டிப்போவான் என்பது அவள் கணக்கு. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா கல்கத்தா போனபோது தனக்காக வாங்கி, துணிவில்லாமல் வைத்திருந்த, முடி சுருட்டும் பெர்ம் மருந்துப் பெட்டி ஒன்று இருப்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி வரும்வரை சாப்பிடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவளை அனுப்பிவிட நான் கடிதம் எழுதுகிறேன். அனுப்ப முடியாதபடி அவளை அலங்கரிப்பதும் நானே. இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கப்பல் மறுநாள் வருவதாகப் பேச்சு. காலையில் குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மெல்லிய காகிதம் வைத்து, சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்ற வேண்டும். இருபத்திரண்டு குச்சி. இறுக்கம் போதாது, கோணலாக இருக்கிறது என்று அம்மா கையில் கண்ணாடியோடு அதிகாரம் செய்தாள். பெட்டியில் இரண்டு புட்டி. முதல் மருந்து முடியை இளக்கும். இருபது நிமிடத்தில் அலசிவிட்டு இரண்டாவதை ஊற்றினால் சுருள் நிற்கும். முதல் புட்டியை ஊற்றியதும் வீடே அழுகிய முட்டையாய் நாறியது.

மருந்து கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அம்மாவைப் பயமுறுத்தினேன். துணியைச் சுருட்டி நெற்றியில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நான் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது என்றேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு நாள் முன்னதாகவே கப்பல் சங்கு ஊதியது.

"ஜஹாஸ் வந்துட்டு. ஜல்தி போளா, வழி தெரியாம நிப்பான்" என்றாள் அம்மா.

ஊருக்கு வெளியே சங்கு ஊதினால் கப்பல் கரை சேர ஒரு மணி நேரமாவது ஆகும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனாலும் சங்கு கேட்டால் இந்தத் தீவில் யார் காலும் வீட்டில் நிற்காது. அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் ஓடினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. அம்மாவைச் சுருட்டை முடியோடு அவன் பார்ப்பதற்கு முன்னால் அண்ணனைத் தனியாகப் பிடித்துப் பேச வேண்டும் என்றிருந்தது. அதற்காகத்தான் ஓடினேன்.

கப்பல் துறையில் வெயிலில் நின்றேன். கப்பலைக் கரையில் கட்டினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அண்ணன் இறங்கவில்லை. கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அண்ணன் கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கொடுத்தார். லீவு கிடைக்கவில்லை, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று இரண்டே வரி. ஆத்திரத்தில் அங்கேயே அழுதேன். அழுது மூக்கைத் துடைத்தபோது கையில் அந்த முட்டை நாற்றம் அடித்தது. அப்போதுதான் மருந்து நினைவு வந்தது.

வீட்டை அடைந்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா அதே நாற்காலியில் இருந்தாள். இடது கை நெற்றித் துணியை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. தரையில் ஏழு குச்சிகள் கிடந்தன, முடியோடு. நான் வாளியோடு பாய்ந்து அலசினேன். ஊறிய சேமியாவைப் போல முடி என் விரலோடு வந்தது. மண்டை சிவந்து போயிருந்தது. "எரியுது, எரியுது" என்று அம்மா முனகிக்கொண்டே இருந்தாள். எத்தனை வாளி ஊற்றினேன் என்று தெரியாது. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு ஊற்றினேன்.

சத்தம் கேட்டு நர்ஸ் அக்கா வந்தாள். தலையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"துணியத்தான் இடது கையால புடிச்சிருக்கீங்க. இதையெல்லாம் எந்தக் கையால உருவுனீங்க?"

அம்மா மடியிலிருந்த வலது கையைப் பார்த்தாள். விரல்களுக்கு இடையில் எட்டாவது குச்சி இருந்தது.

"எரிஞ்சுது. இடது கைய எடுக்கக் கூடாதுன்னு இவ சொல்லிட்டுப் போயிட்டா" என்றாள்.

களிம்பு போட்டு முடித்த பிறகு அம்மாவிடம் நான் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வையட்டும், அடிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"தெரியும்ளா. நீ எழுதாம அவனா வருவான்? எனக்கே என்னயப் பாத்தா எரிச்சலா இருக்கு, ஒனக்கு இருக்காதா?"

மிச்ச முடியையும் ஒட்ட வெட்டினோம். அதன் பிறகு தினமும் அந்தக் குச்சிகளில் நூலைச் சுற்றி அம்மாவின் மடியில் போடுவேன். வலது கையால் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். முதல் நாள் இரண்டு. மூன்றாம் நாள் தூக்கி என் மேலேயே எறிந்தாள். அதுவும் வலது கையால்தான். அடுத்த கப்பலுக்குள் பன்னிரண்டு வரை வந்தாள். டாக்டர் அதைப் பார்த்து, கை முழுவதும் திரும்பாது, ஆனால் திரும்பி வந்தது இனிப் போகாது என்றார்.

அண்ணன் வந்தபோது அம்மாவின் தலையில் ஒரு விரற்கடைகூட முடி இல்லை. வாசலிலேயே அவன் முகம் செத்துவிட்டது. அம்மா அவனைக் கிட்டே வரச் சொன்னாள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் வந்தாலும் போனாலும் தாய் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போடுவாள். வலது கை நடுங்கிக்கொண்டே எழுந்து பாதியில் நின்றது. மீதியை அவன் குனிந்து கொடுத்தான். சிலுவை கோணலாகத்தான் விழுந்தது.

கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அண்ணன் என்னைத் தனியாகக் கேட்டான். அவளிடமே கேள் என்றேன். கேட்டான். அதே கப்பலில் தனியாகத் திரும்பிப் போனான்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த வாரம் முழுக்கப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். எரிச்சல் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு முடி வளர்ந்துவிட்டது, ஒரு சுருள்கூட இல்லாமல் நேராக. கொண்டை போடும் அளவுக்கு நீளம் வந்துவிட்டாலும் அவள் கை அவ்வளவு உயரம் போகாது; நான்தான் போடுகிறேன்.

போடும்போது சில நாள் துறைமுகத்தில் சங்கு ஊதும். "ஜஹாஸ் வந்துட்டு" என்பாள் அம்மா. வரட்டும் என்று சொல்லி, கடைசிக் கொண்டை ஊசியையும் செருகிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.