மழை பெய்தால் வரும் வண்டி

ஐப்பசி மாதம், நவம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அருப்புக்கோட்டைக்காரியான எனக்கு இந்த மாவட்டத்துப் பச்சையைப் பார்த்தால் வழக்கமாகக் கொஞ்சம் பொறாமை வரும். அன்று எரிச்சல்தான் வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. நானோ மழையை நம்பி, பள்ளி அலுவலகத்தில் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். குலசேகரத்துக்கு அப்பால் பாறையடிவிளை என்று ஒரு மலையோர ஊராட்சி. அங்கே அரசு மனநல மருத்துவ வண்டி மழை பெய்யும் நாளில்தான் வரும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். மழை பெய்தால் வராத அரசு வண்டிகளைத்தான் எனக்குத் தெரியும். நம்ப முடியாமல், நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு மணிக்கு குலசேகரம் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் நடத்துநர் என் முகத்தைப் பார்க்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஒன்றரை மணி நேரப் பயணம். பக்கத்தில் வடசேரி சந்தையில் வாங்கிய காய்கறி மூட்டையை மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போறிய?"

"பாறையடிவிளை. இன்னைக்கு மழை வருமாக்கா?"

அவர் மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார். "நல்லாக் கேட்டிய! நாலு நாளா மழை பேஞ்சு, வெட்டில்லாம சும்மா கெடந்தோம். இன்னிக்குத்தான் வெயிலு அடிக்கு. மறுபடியும் மழையா உங்களுக்கு?"

ரப்பர் மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. இது தெரியாமல் ரப்பர் ஊருக்குப் போகும் பேருந்தில் மழையை விசாரித்திருக்கிறேன். தக்கலை வரும்வரை அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவில்லை.

குலசேகரத்தில் ஒரு சாயாவும் ஒரு பழம் பொரியும் இருபத்து நான்கு ரூபாய். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஆட்டோவில், நூற்று எண்பது ரூபாய். இருபுறமும் ஒரே சாய்வில் வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடியக் கட்டிய தேங்காய்ச் சிரட்டை. சிநேகிதி சொல்லி வைத்திருந்ததால், ஊராட்சித் தலைவி லில்லிபாய் தன் வீட்டு வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்; தங்கலும் அங்கேதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குரல் மட்டும் இருபது பேருக்குச் சேர்த்து இருந்தது.

ஆறரை மணிக்கே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் வந்துவிட்டது. நான் டிபன் என்று நினைத்துக் குறைவாகச் சாப்பிட்டேன். அதுதான் இரவுச் சாப்பாடு. ஏழே கால் மணிக்கு ஊரில் ஒரு விளக்கு இல்லை. "மூணு மணிக்கு எழும்பணும்லா, ஒறங்குங்க" என்று லில்லிபாய் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நான் பசியோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமையும் மழை இல்லை. ஊரே சந்தோஷமாக இருந்தது. என்னைத் தவிர. காலை பத்து மணிக்கு லில்லிபாய் என்னைத் தோட்டங்கள் வழியே கூட்டிப்போனார். ஆண்களும் பெண்களும் சிரட்டைகளில் இருந்த பாலை வாளிகளில் ஊற்றிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பால் உறைவதற்குள் எடுத்துத் தட்டில் ஊற்றியாக வேண்டும்.

"இந்த நேரத்திலதான் முன்ன வண்டி வரும், கேட்டியளா. மாசத்தில மொத செவ்வா, காலத்த பத்து மணி. டாக்டரும் நர்சும் கொட்டாவி விட்டுட்டு இருப்பாவ. ஒரு ஆளு வராது. 'இவ்வூர் மக்களுக்கு ஆர்வமில்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவாவ."

"அப்புறம்?"

"பின்ன என்ன? ஆர்வம் இல்லாமலா வரல? வாளியில பாலு இருக்குல்லா! மழை பேஞ்சா வாங்க, மொத்த ஊரும் சும்மாதான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

சொல்வது எளிது. அரசுப் பயணத் திட்டத்தில் தேதி போட வேண்டிய கட்டத்தில் மழையை எப்படி எழுதுவது? ஒரு மாதம் கடிதம் மேலும் கீழும் போய்வந்திருக்கிறது. கடைசியில் மாவட்டத்தில் ஓர் அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, 'மாதத்தின் முதல் மழை நாள்; மழை இல்லையேல் கடைசி வெள்ளி மாலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். யார் அந்த மகராசன் என்று கேட்டேன். மாற்றலாகிப் போய்விட்டார் என்றார் லில்லிபாய். எந்த ஊராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

புதன்கிழமை பின்னிரவு இரண்டே முக்காலுக்குத் தகரக் கூரையில் படபடவென்று சத்தம். எழுந்து உட்கார்ந்து கைதட்டிவிட்டேன். கீழே லில்லிபாய் கைப்பேசியில் பேசுவது கேட்டது. "மக்களே, இன்னிக்கு வெட்டில்ல. வண்டி வரும். ஏழரைக்கு சமூகக் கூடத்துக்கு வந்திருங்க." ஊரின் வாட்ஸ்அப் குழு முழுவதற்கும், வண்டிக்காரர்களுக்கும் அந்தக் குரல்பதிவு போய்ச் சேர்ந்தது.

ஏழு நாற்பதுக்கு வண்டி வந்தது. ஒரு மருத்துவர், ஒரு மருந்தாளுநர், மனநல நர்ஸ் ஸ்டெல்லா. ஸ்டெல்லா கடற்கரைப் பெண், நாற்பது வயதுக்குள். எனக்குப் பிடித்துப்போன ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநலம் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை, ஒரே நிற அட்டை. யார் எதற்கு வந்திருக்கிறார் என்று பார்த்தால் தெரியாது. ஊராட்சிச் செலவில் பால் இல்லாத கட்டஞ்சாயா. நாற்பது பேர் இருக்கும். ஈரக் குடைகளும் சிரிப்புமாக, கல்யாண வீட்டுக்கு முந்திய நாள் மாதிரி இருந்தது அந்தக் கூடம்.

அங்கேதான் வில்சனைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயது, ஒடிசலான ஆள். பக்கத்தில் மனைவி ரோஸ்லெட். எதிரே நாற்காலியில் தோட்டத்துச் சொந்தக்காரர் ஞானதாஸ். வளைகுடாவில் இருபது வருடம் உழைத்து வந்த பணத்தில் வாங்கிய முந்நூறு மரம். வில்சன் அந்த மரங்களைப் பதினோரு வருடம் வெட்டியவர். ஆறு மாதமாக அவர் கையில் கத்தி இல்லை. வெள்ளிக்கிழமை முதல் வேறோர் ஆளை வைக்கப்போவதாக ஞானதாஸ் சொல்லிவிட்டார். அதைப் பேசத்தான் லில்லிபாய் மூவரையும் வரச்சொல்லியிருந்தார்.

நடந்ததை ஸ்டெல்லாவே எல்லார் முன்பும் சொன்னார். வில்சன் தலையசைத்து அனுமதி கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வில்சன் அண்ணனுக்கு ஆளு இல்லாமலே காதில பேச்சுச் சத்தம் கேக்குத சீக்கு. டாக்டர் ராத்திரி மாத்திரை குடுத்தாரு. நான் சீட்டில ஒம்பது மணின்னு எழுதி, ஒரு நிமிசம் முன்ன பின்ன ஆகக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொன்னேன். அண்ணன் சொன்ன சொல்லுக் கேக்குத ஆளு. ஏழு மணிக்கு ஒறங்குத மனுசன், ஒம்பது மணி வரை கண்ணத் தொறந்து வச்சிருந்து மாத்திரை போட்டிருக்காரு. மூணு மணிக்கு எழும்பித் தோட்டத்துக்குப் போயிருக்காரு. மயக்கம் தெளியாத கண்ணோட வெட்டினா என்னாவும்?"

பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் தடியில் பட்டுவிடும். காயம்பட்ட இடம் முடிச்சாக வீங்கும், அங்கே வருடக்கணக்கில் பால் வராது. வில்சன் பதினெட்டு மரங்களைக் காயப்படுத்திவிட்டார். குடித்துவிட்டு வெட்டினான் என்று ஊர் சொன்னது. மரத்தைக் காப்பாற்ற அவர் மாத்திரையை நிறுத்தினார். சத்தங்கள் திரும்பி வந்தன. வேலையும் போயிற்று.

"தப்பு எனக்கதாக்கும்" என்றார் ஸ்டெல்லா. "இந்த ஊருக்கு எது ராத்திரின்னு நான் கேக்கல."

எத்தனையோ அலுவலகங்களில் காத்துக்கிடந்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மருத்துவர் அளவைக் குறைத்து, மாத்திரையை மாலை ஆறு மணிக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. சத்தம் அடங்கிவிட்டது. விடிகாலையில் தெளிவாக எழுகிறாராம். ஆனால் ரோஸ்லெட் கத்தியை இன்னும் பெட்டிக்குள்தான் பூட்டி வைத்திருந்தார்.

"பயமா இருக்கு சிஸ்டர்" என்றார் அவர். "மறுபடியும் மரத்தில காயம் பட்டா, ஊரு வாயில விழுந்தே இவரு திரும்பவும் அப்பிடி ஆயிருவாரு."

ஞானதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு, "எனக்கு ஒண்ணும் வெறுப்பில்ல. மரம் போனா போனதுதானே? நாளைக்கு முப்பது மரம் வெட்டட்டும். நான் கூட நிப்பேன். ஒரு காயம் இல்லேன்னா வெள்ளிக்கிழமை வேற ஆளு வேண்டாம்."

"நாளைக்கும் மழை பேஞ்சா, தாஸ் அண்ணே?" என்றார் லில்லிபாய்.

"வெள்ளிக்கு ஆளு வருகான். வாக்குக் குடுத்தாச்சு. நான் என்ன செய்ய?"

கூட்டம் கலைந்த பிறகு அட்டைகளை அடுக்கிக்கொண்டே ஸ்டெல்லா என்னைக் கேட்டார்: "ஒங்க வீட்டில ஆருக்காவது உண்டா? சும்மா ஒரு ஆளு மழையத் தேடி இவ்வளவு தூரம் வராது."

"இல்லையே" என்றேன்.

உண்டு. என் தம்பி குமரேசன், முப்பத்தெட்டு வயது. அவனுக்கும் சத்தம்தான். அப்பாவின் மளிகைக் கடையில் கணக்காகப் பொட்டலம் கட்டியவன், இப்போது பின்னறையில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் வந்தால் சிவகாசிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுவோம். இரண்டு மாதமாக மாத்திரையைத் தொடுவதில்லை. திட்டியும் பார்த்தாயிற்று, காலில் விழுந்தும் பார்த்தாயிற்று. நாற்பது பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில்கூட நான் பொய் சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

மழை மாலை வரை விடவில்லை. நேற்றுவரை மழை கேட்டு நின்ற நான், ஐந்து மணிக்கு மாடியில் நின்று போதும் நிறுத்து என்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு வெறித்தது. ஏழு மணிக்கு நானும் ஊரோடு படுத்துவிட்டேன், தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு லில்லிபாய் டார்ச்சோடு வந்து எழுப்பினார். ஞானதாஸின் தோட்டம் நடந்து போகும் தூரம். வில்சன் தலையில் விளக்கோடு முதல் மரத்தின் பட்டையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "காஞ்சிருக்கு" என்றார். ரோஸ்லெட் முந்தானையில் சுற்றி வைத்திருந்த கத்தியை நீட்டினார். கொடுத்த பிறகும் அவர் கை அப்படியே நின்றது.

வில்சன் குனிந்து முதல் சீவலை எடுத்தார். சரக் என்று ஒரு சத்தம், கீழே விழுந்த சுருள், பின்னாலேயே வெள்ளைக் கோடாகப் பால். ஞானதாஸ் குனிந்து டார்ச் அடித்து, வெட்டின இடத்தை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தார். அடுத்த மரம். அதற்கடுத்தது. பன்னிரண்டாவது மரத்துக்கு மேல் அவர் டார்ச் அடிப்பதை நிறுத்திவிட்டார். பாதியிலேயே, "நான் போய் சாயா குடிக்கேன். முப்பதோட நிறுத்தாத வில்சா, முழுசும் வெட்டிரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரோஸ்லெட் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வில்சன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். விடிவதற்குள் முந்நூறு மரம் வெட்ட வேண்டுமே.

காலை எட்டு இருபதுக்குக் குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் பேருந்து. ஜன்னலோர இடம். லில்லிபாய் வாழையிலையில் கட்டிக் கொடுத்த கிழங்கின் சூடு மடியில் இருந்தது. அருப்புக்கோட்டையிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இலவசம். அங்கே இல்லாதது என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன். திருவட்டாறு தாண்டியதும் கைப்பேசியை எடுத்தேன். வழக்கமாக அம்மாவைக் கூப்பிட்டு, அவன் சாப்பிட்டானா என்று விசாரிப்பேன். அன்று அவனையே கூப்பிட்டேன். நான்கைந்து முறை அடித்த பிறகு எடுத்தான்.

"டேய் குமரேசா, அந்த மாத்திரை போட்டா உனக்கு என்னடா செய்யுது?"

அவன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நாக்கு தடிச்சுப் போகுதுக்கா. கடையில யாராச்சும் வெல கேட்டா, எனக்கு வெல தெரியுது, வாயில வர மாட்டேங்குது. வந்தவங்க என் மூஞ்சிய ஒரு மாதிரி பாக்குறாங்க. அதான் கடைக்கே வரல."

"ஏன்டா, இத்தனை நாள் இத சொல்லவே இல்லையே?"

"நீங்க எல்லாரும் போட்டியா, போட்டியான்னுதானக்கா கேட்டீங்க."

பேருந்து வேர்கிளம்பியில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நடத்துநர் சீட்டு வாங்கச் சொல்லித் தோளைத் தட்டினார். ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு, "வேற என்ன செய்யுது, சொல்லு" என்றேன். சொல்ல ஆரம்பித்தான். வண்டி தக்கலையைத் தாண்டியும் அவன் சொல்லி முடிக்கவில்லை.