பம்மல் பந்தி

தாம்பரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வருடமே ஒன்று தெரிந்துவிட்டது. வகுப்பில் கற்றுக்கொள்ள எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதாவது, இருந்தது, எனக்குத்தான் ஏறவில்லை. அதனால் நானும் என் அறைத்தோழனும் ஞாயிறு தவறாமல் ரயிலேறி, வாரம் ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஊர் பார்த்தோம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வரிசையாகத் தொடங்கி, பொறுமை இல்லாமல் மாம்பலத்துக்குத் தாவி, பிறகு எங்கே தோன்றுகிறதோ அங்கே. சீசன் டிக்கெட் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அதைவிட என்ன வேண்டும்?

ஊர் பார்ப்பதில் பசி ஒரு தொந்தரவு. அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு. தேய்த்த சட்டை போட்டிருக்க வேண்டும். பந்தியில் நடுவில் உட்கார வேண்டும், ஓரத்தில் உட்காருகிறவனைத்தான் கேள்வி கேட்பார்கள். இந்த மூன்று விதிகளோடு நாங்கள் ஏழெட்டுக் கல்யாணம் சாப்பிட்டிருப்போம். ஒரு தடவைகூட மாட்டவில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல். நான் மட்டும் பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பம்மல் போனேன். தோல் பதனிடும் டேனரிகளின் வாடை மூக்கைத் துளைத்தது. வெயிலில் ஒரு மணி நேரம் சந்து சந்தாக அலைந்துவிட்டு ஒரு திருப்பத்தில் பார்த்தால், தெருவை அடைத்துப் பந்தல். மடக்கு நாற்காலிகள். சாம்பார் வாசனை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும். எனக்கு முதலில் பறந்தது மூளை. வாசலில் வாழைமரம் இல்லை, தோரணம் இல்லை, சந்தனம் நீட்ட ஆள் இல்லை. முகூர்த்தம் முடிந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பந்தியின் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். எதிரே ஸ்டூலின் மேல் மாலை போட்ட போட்டோ. என் வயதுப் பையன். மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்த படம். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் நான் தேய்த்த சட்டையோடு வந்திருக்கிறேன்.

எழுந்து ஓடலாமா என்று பார்ப்பதற்குள் அந்தப் பையனின் அம்மா என் இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீ அவன் காலேஜா தம்பி?"

வாயில் சோறு இருந்தது. தலையாட்டினேன்.

"ஒருத்தரும் வர்லயேன்னு இருந்தேன். நீயாவது வந்தியே. சாப்புடு, சாப்புடு." வடை எடுத்து வரச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். காலேஜு இந்தாண்ட கீது. இவன் கோடம்பாக்கத்தாண்ட ட்ரெயின்லேர்ந்து வுழுந்துகிறான். அங்க அவனுக்கு இன்னா வேல? கால் தவறிடுச்சின்னு போலீசு சொல்லுது. குதிச்சிட்டான்னு தெருவே பேசுது."

அந்தப் பையனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே அவனுக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்பது உலகத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே விஷயம். "ஒரு வேலையும் இல்லம்மா," என்றேன். "சும்மா ஊர் பாக்கப் போவோம். கிளாஸைக் கட் பண்ணிட்டு ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கிப் பாப்போம். அவ்வளவுதான்."

அவள் கண்ணில் ஏதோ இளகியது. அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அவள் விடவில்லை.

"தெனம் போய்ட்டு வரேம்மான்னு சொல்லிகினுதான் போவான். அன்னிக்கு போறேம்மான்னான். அம்புட்டுதான். நில்லுடா, வரேன்னு சொல்லுடான்னு கூப்ட்டிருக்கணும். கையில மாவு, நான் எழுந்திருக்கல." சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "தெரிஞ்சி சொன்னானா தம்பி, தெரியாம சொன்னானா?"

பதினாறு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல் என்று அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

"காலேஜ் பசங்க யாருமே இப்ப வரேன்னு சொல்றதில்லம்மா. ட்ரெயினைப் பிடிக்கிற அவசரத்துல எல்லாரும் போறேன்னுதான் சொல்வோம். நானும் அப்படித்தான். வீட்ல திட்டு வாங்குவேன்."

"நெஜமாவா?"

"சத்தியமாம்மா."

அவள் திரும்பிப் பந்தல்காலில் சாய்ந்து நின்ற கணவரைப் பார்த்தாள். மழித்த தலை, மேல்துண்டு. "யோவ், கேட்டியா? இந்தத் தம்பி இன்னா சொல்லுதுன்னு கேட்டியா? எல்லாப் பசங்களும் அப்டித்தான் சொல்லுமாம்." அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எனக்குப் பாயசம் ஊற்றச் சொன்னாள். பதினாறு நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவளும் ஒரு இலை போடச் சொன்னதாகப் பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. படிப்பில் தேறாதவன் ஒரு தாயின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று, அந்த இடத்திலும் எனக்கு என்னைப் பற்றித்தான் நினைப்பு.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள். காரிய வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். செருப்பில் காலை நுழைத்தபடி, பிறந்ததிலிருந்து பழகிய வாய் சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேம்மா."

"இன்னா தம்பி, காரிய வூட்ல போயி..." என்று அந்த அக்கா பதறினார். அவள் அதற்குப் பதறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாயசம் ஊற்றச் சொன்னபோது இருந்த முகம் இல்லை அது.

"நீ வரேன்னு சொல்றியே," என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பஸ் பிடித்து, ரயிலேறி, விடுதிக்கு வந்து, அறைத்தோழனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். "வுடு மச்சான், யாரோ எவரோ," என்றான் காய்ச்சலில் கிடந்தவன்.

விட முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை பல்லாவரம் வரை போனேன். அவனை எனக்குத் தெரியவே தெரியாதம்மா, ஓசிச் சோறு சாப்பிட வந்தவன் நான், என் வாய் உளறியதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், அவன் காலேஜிலிருந்து வந்த ஒரே ஆளும் இல்லாமல் போவான். அவன் சும்மா ஊர் பார்க்கத்தான் போனான் என்பதும் போகும். இரண்டு தடவையும் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். பிறகு கோழையாகவே இருந்துவிட்டேன்.

ஊர் சுற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் தனியாகச் சுற்றவும் முடியவில்லை. கோடம்பாக்கம் நெருங்கும்போது கதவோரம் நின்றால், எனக்குப் பின்னால் மேல் பட்டன் போட்ட ஒருவன் இறங்குவதற்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன். தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று எனக்கும் அவனைக் கேட்க வேண்டும். இத்தனை வருடமாகியும் அந்தப் பாதையில் போனால் கதவோரம் நிற்பதில்லை.

அவளிடம் இருந்தது வெறும் சந்தேகம்தான். சந்தேகத்தில் பாதி நம்பிக்கை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பாதியையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.