ஆறு பேர், மூன்று ஷிப்ட்

நேற்று மகள் கைபேசியில் ஏதோ வெள்ளைக்கார சங்கீதத்தைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போனாள். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா இரண்டு, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ இரண்டு. எங்கள் உருப்படியேதான்! என் முழங்கால்கள் தாமாக விலகின. எண்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள்.

அறுபதுகளில் தங்க வயல் சுரங்கத்தில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸில் நான் கிளார்க். வேலை முடிந்தால் செல்லோ வித்வான். கப்பலேறிப் போன துரை ஒருவர் வாத்தியங்களையும் ஆறு பேருக்கான தாள்களையும் கிளப் அறை ஒன்றில் விட்டுப் போயிருந்தார். சர்ச்சில் வாசித்துப் பழகிய நாங்கள் ஆறு பேர் அவற்றைத் தத்தெடுத்துக்கொண்டோம். புதிதாக வந்த சூப்பரின்டெண்டுக்கோ அந்த அறையில் டேபிள் டென்னிஸ் மேசை போட ஆசை. "கச்சேரி பண்ணிக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். எட்டு பேர் நெருக்கிப் படுக்கும் லைன் வீட்டில் செல்லோவை எங்கே வைப்பது? அறை போனால் என் வாசிப்பும் போயிற்று.

சுரங்கத்தில் ஆறு பேருக்கு ஒரே ஷிப்ட் கிடைக்குமா? ஷிப்டுக்கு ஒரு ஜோடியாகப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் பழகினோம். மற்றவர்கள் வாசிக்கும்போது நாங்கள் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டிய காலிக் கட்டங்கள் செல்லோத் தாளில் ஏராளம். என் ஜோடி தேவசகாயம், ஆட்களைக் கூண்டில் இறக்கி ஏற்றும் என்ஜின் டிரைவர், அவற்றைத் தாண்டிவிட்டான்.

"இன்னாபா, சும்மா குந்திகினு இருக்கறதுக்குக் கூடவா பிராக்டீஸு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தாண்டித் தாண்டியே மனப்பாடம் செய்தோம்.

கச்சேரியன்றுதான் ஆறு பேரும் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்தோம். வயலின்கள் பாதி வழியில் திணறும்போதே செல்லோக்கள் முடிந்துவிட்டன. தேவசகாயம் ஷிப்ட் சங்கு ஊதியதுபோல் வில்லைத் துடைத்து உறையில் போட்டான். சூப்பரின்டெண்ட் எழுந்து கைதட்டினார்.

"இந்த ரெண்டு பேரும் டைமுக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க. மத்தவங்க கத்துக்கணும்!"

மறுவாரமே மேசை வந்தது. செல்லோக்கள் ஸ்டோருக்குப் போயின. பாராட்டுப் பெற்ற எங்கள் இருவருக்கும் முதல் ஆட்டம் ஆடும் கௌரவம். நான் தோற்றேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது சங்கும் இல்லை, சுரங்கமும் இல்லை. மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்தாயிற்று. தேவசகாயம்தான் கடைசி.

நேற்று கைபேசியில் எங்கள் காலிக் கட்டங்கள் வந்தன. ஒன்றைக்கூடத் தாண்டாமல் விரல் விட்டு எண்ணினேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, சும்மா குந்திகினு கீறீங்க?"

"இரும்மா, பிராக்டீஸ் பண்றேன்" என்றேன்.