நம்ம அளம்

என் மகள் சென்னையில் வீடு வாங்கிவிட்டாள். அதைத்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் மரக்காணத்தில் கூலியாள். உப்பளத்தை நாங்கள் அளம் என்போம். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றுவது என் வேலை. மகள் படித்தாள். சென்னையில் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிட்டது. மகள் மனதில் வைத்திருந்த பள்ளிக்கூடம் வசதியானவர்கள் குடியிருக்கிற பக்கம். அங்கேயே வீடு உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம் என்றார்கள். அதனால் வீடு அங்கேதான் வேண்டும்.

நல்ல இடம். தெரு முழுக்க மரம். பார்க்கில் ஊஞ்சல். பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் விட்டன. ஆனால் காலையில் விற்க வந்த வீடு சாயங்காலம் இருக்காது. மகள் அப்படிப் பல வீட்டைக் கோட்டை விட்டிருந்தாள்.

"அப்பா, நீயும் வா. பெரியவங்க கூட இருந்தா நல்லதுன்னு புரோக்கர் சொல்றாரு" என்று போன் செய்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பெரியவர். வெளிநாட்டில் உள்ள மகனிடம் போகிறார். "எவனுக்கோ குடுத்துட்டுப் போக முடியாது. நல்ல குடும்பத்துக்குத்தான்" என்றார். கீழே காரில் இன்னொரு குடும்பம் காத்திருந்தது.

என் பக்கம் திரும்பினார்.

"ஊர் எது?"

"மரக்காணம்ங்க."

"என்ன பண்றீங்க?"

"உப்பு."

"அப்படியா! அளம் எங்க இருக்கு?"

"நம்ம அளம் ஈ.சி.ஆர். ஓரமாவே இருக்குதுங்க."

"எத்தனை ஏக்கர்?"

"நம்மளுது எட்டு."

எங்கள் பக்கம் அப்படித்தான் பேச்சு. எந்த அளத்தில் கால் வைத்து உழைக்கிறோமோ அது நம்ம அளம். முதலாளி பேச்சு அதில் வராது.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்து, "காபி கொண்டு வா, உப்பு ஓனர் வந்திருக்கார்" என்றார். புரோக்கரிடம், "கீழ இருக்கறவங்கள போகச் சொல்லிடுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. புரோக்கர் மகளுக்குக் கண்ணைக் காட்டினார், பேசாமல் இரு என்று.

மகள் பேசினாள்.

"சார், ஒரு நிமிஷம். அளம் எங்களுது இல்லீங்க. எங்கப்பா அதுல கூலிக்கு உப்பு வார்றாரு. வேலை செய்யுற அளத்த எங்க ஊர்ல நம்ம அளம்னு சொல்வாங்க."

"அதனால என்னம்மா" என்றார் பெரியவர். காபி வந்தது. குடித்தோம். "யோசிச்சு சொல்றேன்" என்றார்.

படி இறங்கும்போது புரோக்கருக்கு ஆற்றாமை. "ஏம்மா, அவரா ஒண்ண நெனச்சுக்கிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு சொல்லக்கூடாதா?"

"ரெண்டு நாள்ல எங்கப்பா ஓனர் ஆயிடுவாரா?" என்றாள் மகள்.

அன்று சாயங்காலமே அந்த வீடு கார்க்காரர்களுக்குப் போய்விட்டது. மகள் சேதியைச் சொன்னபோது, "வுடு" என்றேன்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். "என் பொண்ணு லேப்ல வேலை செய்யுதுங்க" என்றேன். அவர் என்னை எதுவும் விசாரிக்கவே இல்லை. நான் அப்படி வலியப் பேசுகிற ஆளுமில்லை.

பிறகு, அதே பக்கம் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு வந்தது. மாடி. லிஃப்ட் கிடையாது. டீச்சராக இருந்த அம்மா ஒருவருடையது. இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள்: "எங்கப்பா, உப்பளத் தொழிலாளி." அந்த அம்மா என்னைப் பார்த்து, "உட்காருங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டு விலை படிந்தது. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தது.

எங்கள் சர்ச் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லிப் புது வீட்டை மந்திரிக்கிற அன்று நான் ஒரு மூட்டை உப்போடு போனேன். புது வீட்டுக்குள் முதலில் உப்புதான் போகவேண்டும். மாப்பிள்ளை கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தலையில் வைத்தே ஏறினேன். படியில் நின்ற பக்கத்து வீட்டம்மா, "என்னங்க மூட்டை?" என்றார்.

"உப்பு. நம்ம அளத்துது."

மகள் சிரித்தாள். "அப்பா, மறுபடியுமா!"

மாப்பிள்ளையும் விடவில்லை. "வீடும் அந்த மாதிரிதான் மாமா. லோன் முடியற வரைக்கும் பேங்க்காரனுது."

நான் மூட்டையை உள்ளே இறக்கி வைத்தேன்.

"கால் வச்சாச்சு இல்ல மாப்பிள. நம்ம வீடு" என்றேன்.